இடது கால் மதுரையில், வலது கால் குளுவாங்கில்

1

இந்த ஆண்டு ஜூன் 21, சனிக்கிழமை, நான் மலேசியாவுக்கு வந்து இருபத்தொன்பது ஆண்டுகள் நிறைந்தன. வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. பிறந்தநாள் என்றால் கேக் வெட்டலாம். ஊரைவிட்டு வந்த நாளை என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. ஆண்டுதோறும் அன்று காலை 1996ஆம் ஆண்டு டைரியை எடுத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிப்பேன்.

“வெள்ளிக்கிழமை. விமானத்தில் கால் வீங்கிவிட்டது. செருப்பு ஏறவில்லை. வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றியபோது வெறுங்காலோடு நின்றேன். பயபக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.”

இத்தனை ஆண்டுகளில் இந்த வரியைப் படித்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். இம்முறை முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். கால் வீங்கியதை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன். ஏன் வீங்கியது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

டைரியை மூடுவதற்குள் மகள் நித்யா வந்துவிட்டாள். அவளுக்கு இருபத்தேழு வயது. சிங்கப்பூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை. ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் விடியுமுன் எல்லை கடந்து போய் வருகிறாள். சனிக்கிழமைகளில் குளுவாங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவாள். அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியை நீட்டினாள்.

“ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.”

காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். என் இரண்டு கால்களிலும் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டுவிட்டன. இடது காலில் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, காய்ந்த இலைபோல் ஆகிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் புண் வரும், வந்தால் எளிதில் ஆறாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். லேசர் சிகிச்சைக்கு ஜோகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் எல்லாம் பேசி முடித்து, செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். வந்தது இது.

“அம்மா, பாரத்துல எந்தத் தேதி போட்டீங்க?”

“எப்ப தொடங்குச்சுன்னு கேட்டிருந்தான். தொடங்கின தேதியைப் போட்டேன்.”

“நைன்ட்டீன் நைன்ட்டி த்ரீ?”

“டிசம்பர் ஏழு.”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். “யாரும்மா உங்களை இவ்வளவு கரெக்டா கேட்டாங்க? கொஞ்ச நாளான்னு எழுதினா போதும்லா!”

அடுக்களையிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். “கிழமை போடலையா உங்கம்மா?”

“போட்டிருக்காங்கப்பா. பக்கத்துலயே. செவ்வாய்.”

காப்பீடு தொடங்கியது 2019இல். நோய் தொடங்கியது அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் என்று நானே கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முன்பே இருந்த நோய்க்குப் பணம் தர முடியாது என்கிறார்கள். அது போதாதென்று கடிதத்தின் கடைசியில் இன்னொரு பத்தி. விண்ணப்பத்தில் இதை ஏன் மறைத்தீர்கள் என்று முப்பது நாள்களுக்குள் விளக்க வேண்டும்; தவறினால் காப்பீட்டைத் தொடர்வது பற்றியே யோசிக்க வேண்டியிருக்கும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்தக் காப்பீடு போனால் இனி எவனும் எனக்குப் புதிதாகத் தரமாட்டான்.

2

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். இங்கே சொன்னால் கதை என்கிறார்கள்.

பத்தொன்பதாவது வயதில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் மாடி, சேலைப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்கு இறங்குவோம். உட்காருவதற்கு அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. வாடிக்கையாளருக்கு மெத்தை விரிப்பு, எங்களுக்குத் தரை. கூட்டமில்லாத நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். மாடிக் கண்காணிப்பாளர் ஒருவர் சுற்றி வருவார். நாங்கள் சாய்ந்தால் அலமாரி தேயும் என்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு மிச்ச இருபது நிமிடத்துக்குக் கிடங்குக்கு ஓடுவோம். அங்கே பிரிக்காத சேலைக் கட்டுகளின் மேல் வரிசையாக மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் ஏற்றிவைப்போம். பதினோரு பெண்கள், இருபத்திரண்டு கால்கள். புதுத் துணியின் கஞ்சி வாசம், மேலே ஒற்றை டியூப்லைட். ரத்தம் காலிலிருந்து இறங்கி உடம்புக்குள் வருவது அப்படியே தெரியும். என் வாழ்க்கையில் அதற்குச் சமமான ஓய்வை நான் பிறகு எங்கும் அனுபவிக்கவில்லை. பினாங்குக் கடற்கரை விடுதியிலும் இல்லை.

அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம், எனக்குப் பக்கத்தில் கிடந்த பாக்கியம் அக்கா என் இடது முழங்காலின் பின்பக்கம் விரலை வைத்தார். எங்கள் பிரிவிலேயே மூத்தவர் அவர்; கடையில் பதினான்கு வருஷம்.

“ஏய், இங்க பாருங்கடி. இவளுக்கும் ரோடு போட்டுட்டாய்ங்க!”

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். தோலுக்கு அடியில் நீலமாக ஒரு கோடு, புழு மாதிரி மேடாக.

“அய்யோ, என்னக்கா இது?”

“என்னத்த என்ன இது. இன்னைலேர்ந்து நீ பெர்மனன்ட்டுடி. சாயங்காலம் பருத்திப்பால் வாங்கிக் குடு.”

அது எங்கள் மாடியின் வழக்கம். யாருக்கு நரம்பு எழும்புகிறதோ அவள் அன்று சாயங்காலம் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுக்க வேண்டும். கடை ஆவணத்தில் நாங்கள் யாரும் நிரந்தரப் பணியாளர் இல்லை. ஆனால் நரம்பு எழும்பியவளை இனி வேலையைவிட்டுப் போகமாட்டாள் என்று நாங்களாகவே சேர்த்துக்கொள்வோம். அது வரையில் அவள் ‘புதுசு’. நரம்பு வராமலே கல்யாணமாகிப் போனவர்களை ‘கெஸ்ட்டு’ என்போம். நான் சேர்ந்து மூன்று வருஷமாகியும் புதுசாகவே இருந்தேன். எனவே அன்று எனக்கு வருத்தமே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டிக்காரரைக் கடையின் பின்வாசலுக்கு வரவழைத்து, பதினோரு டம்ளர் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, பாக்கியம் அக்கா என் டம்ளரோடு தன் டம்ளரை மோதினார். “காலு போனாலும் வேலை போகாது” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அன்று இரவு டைரியில் தேதி, கிழமை, எத்தனை டம்ளர், எவ்வளவு காசு என்று எல்லாம் எழுதினேன். அப்போதே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்த காலம். எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டில் எந்த ஊர்க் கோயிலுக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் வாழ்வுக்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டாமா என்று தோன்றியது.

அந்தக் கடைக்குச் சுங்குடிச் சேலை கொள்முதல் செய்ய ஆண்டுக்கொருமுறை மலேசியாவிலிருந்து ஒருவர் வருவார். ஜோகூரில் காஹாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, குளுவாங் டவுனில் சிறியதாகச் சேலைக்கடை வைத்திருந்தவர். மூன்றாவது முறை வந்தபோது என்னைப் பெண் கேட்டார். இப்படி இன்னொரு துணிக்கடையில் நிற்க வந்து சேர்ந்தேன். இங்கே முக்காலி உண்டு. ஆனால் முதலாளியம்மா உட்கார்ந்துகொண்டு சேலை விரித்தால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காது என்று நானாகவே நின்றேன். யாரும் சொல்லவில்லை.

3

மருத்துவமனைக் கட்டண விவரத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது தனிக்கதை. இதை எழுதுவதற்கு ஒரு காரணம் அதுவும்தான். உங்களில் யாருக்காவது உதவும்.

கட்டணப் பிரிவில் பிரேமா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் “பசியாறிட்டீங்களா ஆன்டி?” என்று கேட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்த் தமிழ் வைத்திருக்கும் சொல். வந்த புதிதில் அதைக் கேட்டு, நான் பட்டினியாக வந்திருப்பதாக நினைக்கிறார்களோ என்று கூச்சப்பட்டதுண்டு. இப்போது மதுரைக்குப் போனால் நானே அப்படிக் கேட்டு, தங்கைகள் சிரிக்கிறார்கள்.

உத்தேசக் கட்டணத் தாள் மூன்று பக்கம். நான் அளவுகோலை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்டேன்.

“இது டாக்டர் காசு. இது மயக்க மருந்து குடுக்கிறவருக்கு. இது ஆஸ்பத்திரி காசு, தியேட்டருக்கு. மூணும் வேற வேற, ஆன்டி.”

“இந்த ஃபைபர்னா?”

“லேசர் கம்பி. ஒரு தடவை யூஸ் பண்ணா தூக்கிப் போட்டுருவாங்க. அதான் வெலை.”

அந்த விலையைப் பார்த்தேன். தூக்கிப் போடுகிற கம்பிக்குப் பதில் ஒரு நல்ல காஞ்சிபுரம் வாங்கிப் பேத்தி காலம் வரை வைத்திருக்கலாம்.

“ஸ்கேன் எடுத்தோமே, அது இதுல இல்லையே?”

“அது முன்னாடியே எடுத்தாச்சுல்ல. படுக்கையில சேராம செஞ்சது. தனியா கேட்டு வாங்கணும், ரசீது பத்திரமா வெச்சுக்குங்க. காலுக்குப் போடற டைட் சாக்ஸும் இதுல வராது.”

கடைசிப் பக்கத்தில் ஓர் ஊசி இருந்தது. தோலின் மேல் சிலந்தி வலைபோல் தெரியும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை மறையச் செய்வதற்கு. அதன் எதிரே ‘அழகு சார்ந்தது’ என்று குறித்திருந்தார்கள்.

“இதுக்கு இன்சூரன்ஸ் காசு தராது. அழகுக்காக செய்யறதா நினைப்பாங்க.”

“எனக்கா?” என்றேன்.

“ஏன், ஆன்டிக்கு என்ன கொறைச்சல்?” என்றாள். என் கணவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பிரச்சினையின் மையமே அதுதான் என்பதை நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். இந்த நோய்க்குக் காப்பீட்டுக்காரர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். இது நோயா, அழகா? எப்போதிருந்து? முதல் கேள்விக்கு ஸ்கேனும், வீக்கமும், சில மாதம் இறுக்கக் காலுறை அணிந்தும் குறையவில்லை என்ற மருத்துவர் குறிப்பும் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் பிரேமா சொன்னாள். எல்லா வரியிலும் இடது, வலது என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. “இன்சூரன்ஸுக்கு ஒவ்வொரு காலும் ஒரு கேஸ் ஆன்டி. ஒரே நாள்ல ரெண்டும் செஞ்சா ரெண்டாவது காலுக்குக் கொஞ்சம் கொறையும்.”

மருத்துவரும் தமிழர்தான். யோங் பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பெண். நான் நரம்பு நரம்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். “நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். உள்ள ஒரு கதவு இருக்கும். ரத்தம் மேல போன பிறகு கீழ வராம சாத்திக்கும். உங்க கதவு சாத்தல” என்றார். தினமும் கால்களை உயரத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னார். கிடங்கில் பதினோரு பேரும் கட்டணமில்லாமல் செய்துகொண்டிருந்த வைத்தியம் அது.

பாரத்தை நிரப்பியது மே 27. கணவர் காடியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நித்யா வேலையில். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும் என்பதைக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பு அரிது. நிரந்தரவாசிகளுக்கு இங்கே தரும் சிவப்பு அடையாள அட்டையின் எண்ணிலிருந்து எல்லாவற்றையும் தப்பில்லாமல் நிரப்பினேன். ‘அறிகுறி முதலில் தோன்றிய தேதி’ என்ற கட்டத்தைக் கண்டதும் மனத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக வைத்திருந்த ஒரு தேதியை ஓர் அலுவலகம் முதன்முறையாகக் கேட்கிறது.

4

ஜூன் 21க்குத் திரும்புகிறேன்.

சாப்பாட்டு மேசையில் நித்யா மறுபடியும் தொடங்கினாள். “இன்சூரன்ஸ் எடுத்தப்ப அப்ளிகேஷன்ல எல்லாக் கேள்விக்கும் ‘நோ’ன்னு டிக் பண்ணது நான்தான். இப்ப நான்தான் பொய் சொன்ன மாதிரி நிக்கிறேன். என் பேருலதான் மாசாமாசம் கட்டறோம்.”

“நீ பொய் சொல்லலையே.”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு?” கைப்பேசியைத் திருப்பி வைத்தாள். “ஒரே ஒரு வரி எழுதுவோம்மா. தேதி தப்பா எழுதிட்டேன், போன வருஷம்தான் தெரிஞ்சுதுன்னு. வயசானவங்க, மறதின்னு விட்டுருவாங்க.”

“தேதி தப்பில்லையே.”

“அம்மா, உங்களுக்குக் காலு முக்கியமா, தேதி முக்கியமா?”

கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். சாயங்காலம் தங்காமலே கிளம்பிவிட்டாள்.

ஜூன் 28 வரவில்லை. வேலை என்றாள். ஜூலை 5 வரவில்லை. காரணம் சொல்லவில்லை.

நித்யா ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பிறகு மலாய்ப் பள்ளி, கல்லூரி, சிங்கப்பூர். என்னிடம் தமிழில் பேசுவாள். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். மிகவும் கோபம் வந்தால் பேசமாட்டாள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை, பெற்றோர் கூட்டத்துக்குச் சேலை வேண்டாம், சுடிதார் போட்டு வாருங்கள் என்றாள். நாகரிகத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் சேலைக்குக் கீழே என் கணுக்கால் தெரிகிறது என்பது காரணம். அவள் சொல்லவில்லை, சிநேகிதியிடம் பேசியது காதில் விழுந்தது. அதற்கும் தேதி இருக்கிறது. வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு. இடது கால் அன்று கனத்துப் போயிருந்தது. கடை விடுமுறை. நித்யா சொன்ன அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். ‘தேதியைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன்.’ பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. கையெழுத்துப் போட்டால் கால் பிழைக்கும், மகள் வருவாள். ஆனால் அந்த வரியைப் படிக்கப் படிக்க, அப்படியொரு சாயங்காலமே கிடையாது என்று சொல்வதுபோல் இருந்தது. பின்வாசலில் வண்டிக்காரர் வரவில்லை, பதினோரு டம்ளர் இல்லை, பாக்கியம் அக்கா என் டம்ளரோடு டம்ளரை மோதவில்லை. அந்தக் கடையில் நான் ஆறு வருஷம் நின்றதற்கு வேறு ஓர் ஆதாரமும் கிடையாது. சம்பளத்தைக் கையில் கொடுப்பார்கள், கையெழுத்துகூட வாங்கியதில்லை.

தாளைக் கிழித்தேன். பிறகு, என்ன தோன்றியதோ, 2019 டைரியை எடுத்தேன். நித்யா காப்பீடு எடுத்த ஆண்டு. மார்ச் 3, ஞாயிறு:

“நித்யா போன் செய்தாள். உங்களுக்கு ஏதாவது சீக்கு இருக்கா அம்மா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அடுப்பில் பருப்பு தீய்ந்துவிட்டது.”

ஆக, அவள் கேட்டிருக்கிறாள். ‘நோ’ என்று முதலில் சொன்னது நான். அவள் அதை எழுதினாள், அவ்வளவுதான். நானும் பொய் சொல்லவில்லை. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. நரம்பு புடைத்திருப்பதைச் சீக்கு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. சீக்கு வந்தால் யாராவது ஊருக்கெல்லாம் பருத்திப்பால் வாங்கிக் கொடுப்பார்களா?

5

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். கேள்வி கேட்டது என் மகள், பதில் சொன்னது நான், அவள்மேல் தவறில்லை என்று தொடங்கி, ஏன் அதை நோயாகக் கருதவில்லை என்பதை மதுரைக் கடையிலிருந்து விளக்கியிருந்தேன். படம் எடுத்து நித்யாவுக்கு அனுப்பி, ‘இதை இங்கிலீஷில் எழுதித் தர முடியுமா?’ என்று கேட்டேன். பதில் இல்லை.

ஜூலை 12, சனிக்கிழமை, பத்தரை மணிக்கு நேராகக் கடைக்கே வந்தாள். கணினியைச் சேலை விரிக்கும் மேசையில் வைத்தாள்.

“உங்க கையெழுத்து எனக்குப் படிக்க முடியல. நீங்க படிங்க, நான் டைப் பண்றேன்.”

படித்தேன். முதல் பக்கம் முடியும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பெயர் வந்த இடத்தில் தட்டச்சு நின்றது. பிறகு தொடர்ந்தது. கிடங்குப் பகுதி வந்தது.

“சுவத்துல காலைத் தூக்கி வெச்சுப் படுப்பீங்களா? பதினோரு பேரும்?”

“சாப்பிட்ட பிறகு.”

“இத ஏன்மா சொன்னதே இல்ல?”

“நீ கேட்டதில்ல.”

“சரி சரி, மேல படிங்க... பருத்திப்பாலுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

“பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டி போட்டு...”

“காட்டன் சீட் மில்க்.” தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். “இன்சூரன்ஸ்காரன் இதைப் படிச்சா, துணிக்கடைக்காரிங்க துணியையே குடிச்சிருக்காங்கன்னு நினைப்பான்.”

மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். கல்லாவில் இருந்த கணவர், “அப்படியே எழுது. பாவம்னு காசு குடுத்துருவான்” என்றார்.

நான்கு பக்கமும் ஆங்கிலத்தில் ஒன்றேகால் பக்கமாகச் சுருங்கிவிட்டது. முடிக்கப் போனவள் நிமிர்ந்தாள். “எல்லாம் இடது காலு. வலது காலு எப்ப?”

அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பாரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய டைரிகளைப் புரட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. 2022, அக்டோபர் 12, புதன். தீபாவளி வியாபாரம். “வலது காலிலும் ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தரவில்லை.”

நித்யா அந்தப் பக்கத்தை நான்கு முறை படம் எடுத்தாள். “அம்மா, இது பாலிசிக்கு அப்புறம்! ஒவ்வொரு காலும் ஒரு கேஸ்னு சொன்னாங்கல்ல?”

6

ஜூலை 31 அன்று பதில் வந்தது. வேண்டுமென்று மறைத்ததாகத் தெரியவில்லை, எனவே காப்பீடு தொடரும். வலது காலுக்கு ஒப்புதல். இடது கால் நிரந்தரமாக விலக்கப்படுகிறது.

வலி முழுக்க இடது காலில்தான் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. முக்கியமாக இருக்கவும் முடியாது. கணவரிடம் வாசித்துக் காட்டினேன். “வலது காலு மலேசியாக்காரி. இடது காலை மதுரையிலேர்ந்து நான்தானே கூட்டிட்டு வந்தேன்? அப்ப அது என் செலவு” என்றார். இந்தத் தீபாவளிக்குப் பட்டுச் சேலைக் கொள்முதலைப் பாதியாக்கினோம்.

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, இரண்டு கால்களுக்கும் ஒரே நாளில் சிகிச்சை. பிரேமா இரண்டு பில் போட்டாள். ஒன்று காப்பீட்டு நிறுவனத்துக்கு, ஒன்று எனக்கு. தியேட்டர் கட்டணத்தை எந்தக் காலில் சேர்ப்பது என்று காலையில் நான்கு தொலைபேசி அழைப்புகள் நடந்து, கடைசியில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

“ஒம்போது வருஷமா இந்த வேலை பாக்கறேன் ஆன்டி. ஒரே ஆளுக்கு ரெண்டு நாடு மாதிரி பில் போட்டது இன்னைக்குத்தான்.”

சிகிச்சை முடிந்த உடனே அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது விதி. ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க. இரண்டு கால்களிலும் கட்டோடு மூன்றாம் மாடி நடைவழியில் நடந்தேன். நித்யா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். எத்தனை சுற்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது சுற்றில் களைத்தது நான் அல்ல, அவள்.

சுவரோரம் நின்றாள். வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பாதத்தை இடது காலின் கெண்டைச் சதையில் மேலும் கீழுமாகத் தேய்த்தாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரிந்திருக்காது. நாள் முழுக்க நின்று வேலை செய்யாதவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்.

“பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கு.”

“எதுக்கு? நடங்கம்மா. இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்கு.”

“நித்யா.”

“ஒண்ணும் இல்லம்மா. எங்க கடையில எல்லாருக்கும் இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். என் கையை விட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் விற்கும் பொருள்களில் இறுக்கக் காலுறையும் உண்டு. எனக்கு அளவெடுத்து வாங்கி வந்தவளும் அவள்தான்.

அந்த நேரம் மருத்துவர் அறைகளைச் சுற்றி முடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். “நல்லா நடக்கிறீங்களேம்மா!”

“டாக்டர், இவ காலையும் ஒரு தடவை பாத்துருங்க.”

“அம்மா! ப்ளீஸ்லா, இன்னிக்கு வேணாம்...”

மருத்துவர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். குனிந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். இடது காலின் பின்பக்கம், என் காலில் பாக்கியம் அக்கா விரல் வைத்த அதே இடத்தில், அதே நீலம். விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

“எத்தனை நாளா இருக்கு?”

நான் நித்யாவின் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நாளாக என்று சொல்வாள் என்று நினைத்தேன். அதைத்தானே எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ட்வென்ட்டி ட்வென்ட்டி த்ரீ. ஃபெப்ரவரி லெவன்.”

அப்புறம், யாரும் கேட்காமலே, “சனிக்கிழமை” என்றாள்.